சீமைப் பள்ளியும் நாட்டுப் பள்ளியும்: பெங்களூரு செயின்ட் ஜோசப் பள்ளிகளின் பெயர்கள் குறித்து

பெங்களூருவின் மியூசியம் சாலையில் மியூசியம் இல்லை. எட்வர்ட் பால்ஃபரின் முயற்சியால் 1865இல் அங்கிருந்த பழைய சிறைக் கட்டடத்தில் தொடங்கப்பட்ட அருங்காட்சியகம் 1877இல் இன்றைய கஸ்தூர்பா சாலைக்குப் பெயர்ந்துவிட்டது. பெயர் மட்டும் சாலையோடு தங்கிவிட்டது. இச்சாலையில்தான் செயின்ட் ஜோசப் பாய்ஸ் ஹைஸ்கூல் இருக்கிறது. 1858இல் தொடங்கிய இப்பள்ளிக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர் செயின்ட் ஜோசப் ஐரோப்பியன் ஹைஸ்கூல். நடந்தே போய்விடும் தொலைவில், விட்டல் மல்லையா சாலையில், அதே புனிதரின் பெயரில் இன்னொரு பள்ளி: 1904இல் உருவான செயின்ட் ஜோசப் இண்டியன் ஹைஸ்கூல். இரண்டும் ஒரே கத்தோலிக்க மறைப்பணியாளர்களால் நிறுவப்பட்டவை. இரண்டும் இன்று ஒரே துறவற சபையின் பொறுப்பில் இருப்பவை. விடுதலைக்குப் பின் முதற்பள்ளியின் பெயரிலிருந்து ‘ஐரோப்பியன்’ நீங்கிவிட்டது. இரண்டாம் பள்ளியின் பெயரில் ‘இண்டியன்’ இன்றும் நிற்கிறது.

இந்நகருக்கு நான் வந்த புதிதில் பேருந்தின் சன்னல் வழியே அப்பெயர்ப்பலகையைப் படித்தபோது சிரிப்பு வந்தது. இந்திய நகரம் ஒன்றில் இருக்கும் பள்ளி வேறு எந்த நாட்டுப் பள்ளியாக இருக்கமுடியும் என்று தோன்றியது. அது சிரிக்கத்தக்க செய்தி அன்று என்பது பின்னர்தான் புரிந்தது. பதிவு சற்று நீளமானது, பொறுமையுள்ளோர் தொடர்க.

மொழியியலில் குறியுற்ற சொல், குறியற்ற சொல் என்றொரு பாகுபாடு உண்டு. நம் மொழியிலேயே இதற்கு நல்ல சான்று ‘நாட்டுக்கோழி’. பண்ணைக்கோழி வருவதற்கு முன் எல்லாக் கோழியும் கோழிதான். அடைமொழிக்குத் தேவையே இல்லை. புதியது ஒன்று வந்து ‘கோழி’ என்ற பொதுப்பெயரைக் கைப்பற்றிக்கொண்ட பிறகுதான் பழையதற்கு ‘நாட்டு’ என்னும் அடை ஒட்டிக்கொண்டது. காலனியக் காலத் தமிழ் இத்தகைய இணைகளை ஏராளமாகப் படைத்தது: நாட்டு ஓடு, சீமை ஓடு, நாட்டு மருந்து, சீமை மருந்து. ‘சிவகங்கைச் சீமை’ என்று தன் சொந்த மண்ணையே குறித்த சொல் கடலுக்கு அப்பாலிருந்து வந்த பொருளுக்கெல்லாம் அடையாக மாறிய கதை தனியே எழுதத்தக்கது. செயின்ட் ஜோசப் பள்ளிகள் இரண்டையும் இந்த இணையாகவே நான் படிக்கிறேன். ஒன்று சீமைப் பள்ளி, மற்றொன்று நாட்டுப் பள்ளி.

இப்பிரிவினை தோன்றிய சூழலைப் பார்க்கவேண்டும். மைசூர் நாட்டில் கத்தோலிக்க மறைப்பணி 17ஆம் நூற்றாண்டில் இயேசு சபையினரால் தொடங்கியது. மதுரையில் இராபர்ட் தெ நொபிலி செய்துகொண்டிருந்ததை மைசூரில் செய்ய முனைந்தவர் லியனார்டோ சின்னாமி. 1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டபின் அப்பணி பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிக் கழகத்தாரின் கைக்கு வந்தது. இந்தியரின் வழக்கங்களைப் பற்றிய நூலால் நாமறிந்த அபே துபுவா அக்கழகத்தவரே. 1850இல் மைசூர் தனி மறைப்பணி வட்டமாகி, ஆயர் ஷார்போனோவின் பொறுப்பில் வந்தது. 1854இல் நல்லாயன் சபைக் கன்னியர் பெங்களூருவுக்கு வந்து பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினர். நான்காண்டு கழித்துப் பையன்களுக்கு செயின்ட் ஜோசப் பள்ளி, 1882இல் கல்லூரி.

இந்தப் பிரெஞ்சுக் குருக்கள் பணிசெய்த இடம் 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைநிலை. கன்னடத்தில் இன்றும் அதற்குத் ‘தண்டு’ என்றே பெயர். படை என்னும் பொருளில் தமிழிலும் பழைய சொல்தான். தண்டில் கத்தோலிக்கர் இருவகையினர். ஒருசாரார் ஐரிஷ் படைவீரர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கலப்பு வழியினரும். 1844ஆம் ஆண்டின் செயின்ட் பேட்ரிக் ஆலயம் அவர்களை நினைந்தே அயர்லாந்தின் பாதுகாவலர் பெயரைத் தாங்குகிறது. மற்றவர் படையைத் தொடர்ந்து ஆற்காட்டுப் பகுதியிலிருந்தும் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்த தமிழர்: சமையற்காரர், குதிரைக்காரர், கொத்தனார், சிறுவணிகர், எழுத்தர். அவர்களது ஆலயம் இன்றைய சிவாஜிநகரில் உள்ள ஆரோக்கிய அன்னை ஆலயம்; 1974இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் செப்டம்பர் 8இல் தேர் இழுக்கப்படும் அத்தெருக்களில் நடப்பவருக்குத் தாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்ற ஐயம் ஒரு கணமேனும் எழும். ஒரே ஆயர், ஒரே பூசை, ஒரே இலத்தீன். ஆனால் ஆலயம் இரண்டு. பள்ளியும் இரண்டானதில் வியப்பில்லை.

பள்ளியைப் பிரித்ததில் ஆலயத்தைப் பிரித்ததைவிட வலிய காரணம் ஒன்று உண்டு: அரசின் மானியம். 1857க்குப் பின் ஐரோப்பியர், கலப்பு வழியினர் ஆகியோரின் பிள்ளைகளுக்குத் தனிக்கல்வி வேண்டும் என்று வைஸ்ராய் கேனிங் 1860இல் குறிப்பெழுதினார். கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் ஆயர் காட்டன் இதில் முனைந்து நின்றவர். 1865இல் பெங்களூருவில் எழுந்த பிஷப் காட்டன் பள்ளி அவர் பெயரையே கொண்டது. பின்னர் பிரிட்டிஷ் இந்தியாவில் ‘ஐரோப்பியப் பள்ளி’களுக்கெனத் தனி விதித்தொகுப்புகளும் தனி ஆய்வாளர்களும் தனி மானியமும் ஏற்பட்டன. அவ்விதிகள் ‘ஐரோப்பியர்’ என்ற சொல்லுக்குத் தந்த வரையறை மொழி மாணவருக்குப் பெருவிருந்து. ஐரோப்பாவில் பிறந்தவர் என்பதன்று அதன் பொருள். ஐரோப்பிய வழியில் வந்தவராக இருக்கவேண்டும், அது தூய வழியாயினும் கலப்பு வழியாயினும் சரி. ஆனால் ஐரோப்பியப் பழக்கவழக்கங்களை விடாதிருக்கவேண்டும். குருதி ஒருபாதி, உடையும் உணவும் மறுபாதி! ஐரோப்பாவைக் கண்ணாலும் காணாத, இரண்டு தலைமுறையாகத் தண்டிலேயே வாழ்ந்த இரயில்வே ஊழியரின் மகன் இவ்வரையறைப்படி ஐரோப்பியன். போர்ச்சுகீசியப் பெயரும் காற்சட்டையும் ஆங்கிலமும் உடைய மங்களூர்க் கத்தோலிக்கர் வீட்டுப் பையன் ஐரோப்பியன் அல்லன்.

அக்காலச் சொற்கள் நிலையாகவும் இல்லை. ‘ஆங்கிலோ இந்தியர்’ என்பது முதலில் இந்தியாவில் வாழ்ந்த ஆங்கிலேயரைச் சுட்டியது. கலப்பு வழியினர் ‘யூரேசியர்’ எனப்பட்டனர். 1911இல்தான் கலப்பு வழியினருக்கு அதிகாரபூர்வமாக ‘ஆங்கிலோ இந்தியர்’ என்ற பெயர் வந்தது. மாறிக்கொண்டிருந்த இத்தனை பெயர்களுக்கும் எதிரே நின்ற சொல் ஒன்றே: ‘நேட்டிவ்’. அச்சொல்லின் இழிகுறிப்பு உறைக்கத் தொடங்கியபின் அதனிடத்தில் வந்தமர்ந்ததே ‘இண்டியன்’. 1904இல் பள்ளிப் பெயரில் ‘நேட்டிவ்’ என்றிடாமல் ‘இண்டியன்’ என்று இட்டதை ஒரு சிறு மதிப்பாகவே அன்றைய பெற்றோர் எடுத்துக்கொண்டிருப்பர் என்பது என் எண்ணம்.

அந்த ‘இண்டியன்’ யார் என்று கேட்டால் விடை எளிதன்று. 1881இல் மைசூர் அரசு உடையாரிடம் திரும்பியபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேய ரெசிடெண்ட்டின் ஆட்சியில் நீடித்தது. 1947 வரை அதே நிலை. மைசூர் மன்னரின் குடிகளான கன்னடியர் பேட்டையில். தண்டில் தமிழும் தெலுங்கும் உருதும் ஓங்கிய மொழிகள். இத்தனையையும் ஒரே சொல்லுக்குள் அடக்கி, அச்சொல்லையும் ஆங்கிலத்தில் எழுதி, பாடத்தையும் ஆங்கிலத்தில் நடத்தியது இண்டியன் ஹைஸ்கூல். இப்பள்ளி எழுவதற்கு முப்பதாண்டுக்கு முன்பே, 1873இல், ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்னும் தமிழ் வணிகர் தண்டில் தம் பொருளில் இலவசப் பள்ளி நிறுவினார். அதுவே இன்றைய ஆர்.பி.ஏ.என்.எம். நிறுவனங்கள். மறைப்பணிப் பள்ளிகளே தண்டின் மக்களுக்குக் கல்விக்கண் திறந்தன என்று எழுதுவோர் முதலியாரை மறந்துவிடுகின்றனர்.

பிரெஞ்சுக் குருக்களை இனவெறியர் என்று ஒரே வரியில் முடிப்பதும் எனக்கு உடன்பாடன்று. அவர்கள் ஆங்கிலேயரும் அல்லர், அரசின் ஊழியரும் அல்லர். மானியமின்றி அக்காலத்தில் ஒரு பள்ளி உயர்தரத்தை எட்டுவது கடினம். மானியம் வேண்டுமாயின் பதிவேட்டில் பிரிவினை வேண்டும். ஆனால் அப்பிரிவினையை அவர்கள் வருந்திச் சுமந்தனரா, இயல்பென ஏற்றனரா என்ற வினா இருக்கிறது. இரண்டு வளாகங்களும் இரண்டு பெயர்களும் இத்தனை ஒழுங்காக நிலைத்திருப்பதைக் காணும்போது, வருத்தம் பெரிதாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1937இல் கல்லூரியும் பள்ளிகளும் இயேசு சபையினரிடம் ஒப்படைக்கப்பட்டன. சின்னாமியின் வழிவந்தோர் ஒன்றரை நூற்றாண்டு கழித்து மைசூர் நாட்டுக்கு மீண்டது ஒரு சுவையான சுற்று. பத்தாண்டில் தண்டு மைசூரோடு சேர்ந்தது. 1950இல் அரசமைப்புச் சட்டம் வந்தது. அதன் 337ஆம் உறுப்பு ‘ஐரோப்பிய’ப் பள்ளியின் முடிவுரை எனலாம். ஆங்கிலோ இந்தியர் கல்விக்கு அதுவரை கிடைத்த தனிமானியம் மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து விழுக்காடு குறைந்து, பத்தாண்டில் அற்றுப்போகும். அம்மானியம் பெறும் பள்ளி ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காட்டைப் பிற சமூகத்தாருக்குத் திறந்துவிடவேண்டும். மானியம் கட்டிய சுவரை மானியத்தைக் கொண்டே இடித்த விதி இது.

இதன் மறுபக்கம் 1954இல் வந்தது. ஆங்கிலவழி வகுப்புகளில் ஆங்கிலோ இந்தியரையும் ஆசிய வழியல்லாதாரையும் தவிர வேறு எவரையும் சேர்க்கக்கூடாது என்று பம்பாய் அரசு ஆணையிட்டது. இந்தியப் பிள்ளைகள் தாய்மொழியிலோ இந்தியிலோ படிக்கட்டும் என்பதே நோக்கம். தேவலாலியின் பார்ன்ஸ் பள்ளியை நடத்திய சங்கம் வழக்குத் தொடுத்தது. உச்ச நீதிமன்றம் ஆணையைத் தள்ளியது. ஐரோப்பியப் பள்ளியின் வாசல் இந்தியருக்குத் திறந்தே இருக்கவேண்டும் என்பதை, இந்தியரை வெளியே நிறுத்த முயன்ற ஓர் இந்திய அரசுக்கு எதிராக நிலைநாட்டவேண்டியிருந்தது. இதன்பின் ‘ஐரோப்பியன்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பொருளும் இல்லை, பயனும் இல்லை.

ஆனால் ‘இண்டியன்’ என்பதை நீக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் எழவில்லை. விடுதலை பெற்ற நாட்டில் அது பெருமைச் சொல். ஒதுக்கிவைத்த சொல்லே அரியணை ஏறிவிட்டது. நாட்டுக்கோழி இன்று பண்ணைக்கோழியைவிட விலை கூடியதாகிவிட்டதைப் போல. ஆயினும் பள்ளிகளின் படிநிலை பெயரளவுக்கு எளிதாகத் தலைகீழாகவில்லை. பாய்ஸ் ஹைஸ்கூல் படிப்பிப்பது ஐ.சி.எஸ்.இ. பாடத்திட்டம். 1958இல் அமைந்த அத்தேர்வுக் குழு, ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்கான மாநிலங்களிடை வாரியத்தின் முயற்சியில் கேம்பிரிட்ஜ் தேர்வுகளின் இடத்தை நிரப்பப் பிறந்தது. இண்டியன் ஹைஸ்கூலோ கர்நாடக மாநில எஸ்.எஸ்.எல்.சி. வழியில் நிற்கிறது. ஆக, பழைய ஐரோப்பியப் பள்ளியின் மாணவன் கையில் பெறுவது ‘இந்திய’ச் சான்றிதழ், இந்தியப் பள்ளியின் மாணவன் பெறுவது மாநிலச் சான்றிதழ். சீமைக்கும் நாட்டுக்கும் இருந்த இடைவெளி, தேசத்துக்கும் மாநிலத்துக்கும் உள்ள இடைவெளியாக உருமாறி வாழ்கிறது.

வளாகங்களைப் பற்றியும் ஒரு சொல். ரெசிடென்சி சாலை இப்போது ஆவணங்களில் ஃபீல்டு மார்ஷல் கரியப்பா சாலை. ஆட்டோ ஓட்டுநரிடம் அப்பெயரைச் சொல்லிப் பயனில்லை. கல்லூரி அங்கிருந்து லாங்ஃபோர்டு சாலைக்குப் பெயர்ந்து 2022இல் பல்கலைக்கழகமாயிற்று. ரெசிடென்சி சாலையில் பி.யூ. கல்லூரி உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து வருவோரை இந்தப் ‘பி.யூ. கல்லூரி’ திகைக்கவைக்கும். 1978இல் தமிழகத்தில் புகுமுக வகுப்பு கல்லூரியிலிருந்து பள்ளிக்கு இறங்கி மேல்நிலை வகுப்பானது. கர்நாடகத்தில் அது தனிக் கல்லூரியாகவே வளர்ந்தது. ஓசூரில் சீருடையோடு பள்ளிக்குப் போகும் அதே வயதுப் பையன் நாற்பது கிலோமீட்டர் இப்பால் ‘காலேஜ்’ போகிறான். இண்டியன் ஹைஸ்கூலின் பழைய கிராண்ட் சாலையோ மதுத்தொழில் அதிபர் விட்டல் மல்லையாவின் பெயரைப் பெற்றுவிட்டது. யூ.பி. சிட்டி மாளிகைகளின் அண்மையில் அப்பள்ளியின் விளையாட்டுத் திடல் இன்னும் வெறும் மண்ணாகக் கிடப்பதே நகரின் நடுவில் ஓர் ஆறுதல்.

திருச்சியில் இதே புனிதரின் கல்லூரி ‘தூய வளனார்’ ஆகிவிட்டது. யோசேப்புக்கு வீரமாமுனிவர் தேம்பாவணியில் இட்ட பெயர் அது. பெங்களூருவில் அவர் ஜோசப்பாகவே இருக்கிறார். பாய்ஸ் பள்ளியின் குறிக்கோள் வரி இலத்தீன்: ‘ஃபீதே எத் லபோரே’. விசுவாசத்தாலும் உழைப்பாலும் என்று பொருள். இலத்தீனின் நீக்க வேற்றுமை தமிழில் மூன்றாம் வேற்றுமையாக அமைகிறது.

சென்ற மாதம் மியூசியம் சாலைத் தேநீர்க் கடையொன்றில் நடுவயதினர் இருவர் பழம்பேச்சுப் பேசிக்கொண்டிருந்தனர். தண்டுத் தமிழ்; பாதி ஆங்கிலம், இடையிடையே கன்னடம். ஒருவர் மற்றவரிடம் கேட்டார்: “நீங்க பாய்ஸா, இண்டியனா?” மற்றவர் சற்றும் தயங்காமல் “இண்டியன்” என்றார். கேட்டவரும் தலையசைத்துக்கொண்டார்.