கண்ணில் படாத கம்ப்யூட்டர்

பேர் வாங்கணும்னா கனமான ஆய்விதழில்தான் எழுதணும் என்று ஹாஸ்டலில் பேசிக்கொள்வோமே, மார்க் வைசர் கதை வேறு. ப்ரோகிராமில் பிழை தேட, சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் பிரித்தெடுக்கும் முறையை 1979-இல் டாக்டர் பட்டத்துக்கு வகுத்தார். நம் சாஃப்ட்வேர்காரர்களுக்கு அதுவே பெரிய உபகாரம். 1987-இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பார்க் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். உள்ளங்கை அளவு, நோட்டு அளவு, கரும்பலகை அளவு என்று கம்ப்யூட்டர்கள் செய்து அங்கேயே புழங்கவிட்டார்கள். கருவி கண்ணை உறுத்தாமல் வேலை செய்யணும் என்பது அவர் கட்சி. 1991 செப்டம்பரில் அதை எழுதியது, பொது வாசகர்கள் படிக்கும் சயன்டிஃபிக் அமெரிக்கனில்! ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். 1999-இல், 46 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. ஐஃபோன் வந்தது 2007-இல். அதுவும் உள்ளங்கை அளவுதான். ஆனால் கண்ணை விட்டு நகரவே மாட்டேன் என்கிறது.