மிடற்றிசையும் தனிப்பாடமும்

மேலைநாட்டு இசைக்கல்லூரி மாணாக்கர் இசையிலக்கணத்தைப் பலரோடிருந்து கேட்பர். குரற்பயிற்சியை ஆசிரியர் ஒருவரிடம் தனித்தே பெறுவர். தனிப்பாடம் கருவியிசைக்கும் உண்டு. ஆயினும் யாழும் குழலும் கண்ணுக்குப் புலனாவன. மிடறோ உள்ளிருப்பது, ஆளுக்காள் வேறுபடுவது. ஆகலின் அதற்கு இம்முறை இன்றியமையாததாயிற்று.

இவ்வுண்மை ஜென்னி லிண்ட் அம்மையார் வரலாற்றால் இனிது விளங்கும். 1820-இல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமிற் பிறந்த இவர், இளமையிலேயே அரச நாடகசாலைப் பள்ளியிற் பயின்று, 1838 முதல் இசைநாடகங்களில் இடையறாது பாடினார். இருபது வயதளவிற் குரல் நைந்துபோயிற்று. 1841-இல் பாரிஸ் நகரஞ் சென்று மானுவேல் கார்சியா என்னும் ஆசிரியரை அடைந்தார். அவரோ, பயிற்றுதற்குக் குரலே எஞ்சவில்லை எனக் கூறி, ஆறு வாரம் பாடாதிருக்கப் பணித்தார். பேச்சையும் இயன்றவளவு ஒழிக்கச் சொன்னார். நாடறிந்த பாடகிக்கு இஃது எத்துணைக் கடிய பாடம்! பின்னர்ச் சுரவரிசைகளை ஏற்றியும் இறக்கியும் மிக மெல்லப் பாடுவித்து, முதலிலிருந்தே தொடங்கினார். ஏறக்குறையப் பத்துத் திங்களிற் குரல் மீண்டது. தாம் அவரிடம் அறிய வேண்டியிருந்தன இரண்டு மூன்றே என்பது அம்மையார் கருத்து. அவ்விரண்டு மூன்றும் வேறெவரிடத்தும் கிடைத்தில.

கார்சியா 1848 முதல் 1895 வரை இலண்டன் அரச இசைக்கழகத்திற் கற்பித்தார். 1854-இல் சிறு கண்ணாடியொன்றால் தம் குரல்நாண்கள் அசைதலைத் தாமே கண்டார். 1883-இல் அந்நகரிலேயே அரச இசைக்கல்லூரி தொடங்கியபோது, அதன் முதற் குரலிசைப் பேராசிரியராய் அமர்ந்தவர் லிண்ட் அம்மையார்.