ஹோல்டர் கருவி

இதயத் துடிப்பின் மின்னலைகளை 24 முதல் 48 மணி நேரம் வரை இடைவிடாமல் பதிவுசெய்யும், உடலில் அணியும் சிறு கருவி. வழக்கமான இ.சி.ஜி. சில நொடிகளையே காட்டும். எப்போதாவது வந்துபோகும் படபடப்பு பெரும்பாலும் அதில் சிக்குவதில்லை. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர் (1914–1983) இதற்கு வழி கண்டார். அவருடைய தொடக்ககாலக் கருவி சுமார் 38 கிலோ. முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

பொருத்தும் நாளில் குளித்துவிட்டுச் செல்ல வேண்டும். கழற்றும்வரை பொதுவாகக் குளிக்க முடியாது. மார்பில் எண்ணெய், பவுடர், களிம்பு எதுவும் கூடாது. இருந்தால், கருவியின் கம்பிகளை மார்பில் பொருத்தும் ஒட்டுகள் பிடிக்காமல் கழன்றுவிடும். முடி இருந்தால் ஒட்டும் இடத்தில் மட்டும் மழிப்பார்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டை வசதி. மருத்துவர் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

அணிந்தபின் படுத்தே கிடப்பது தவறு. மாடிப்படி ஏறுவது, சமையல், வேலை எல்லாம் வழக்கம்போல் நடக்கட்டும். அன்றாட வாழ்க்கையில் இதயம் எப்படித் துடிக்கிறது என்பதுதான் மருத்துவருக்குத் தெரிய வேண்டும். படபடப்போ தலைசுற்றலோ வந்தால், அந்த நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்த வேலையையும் குறிப்பேட்டில் உடனே எழுதுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பதிவின் பயன் பெரிதும் குறைந்துவிடும்.