தொடக்கத்தில் உறையும் கணிப்பொறி

தொடக்கம் செவ்வனே அமையின் தொடர்வன தாமே அமையும் என்பர். தோ பாயோவில் வாழும் நமக்கு இதனை விளக்க வேறு சான்று வேண்டா. ‘தோ’ என்பது ஹொக்கியன் மொழியில் பெரிது எனப் பொருள்படும். ‘பாயா’ என்பது மலாயில் சதுப்பு நிலத்தைக் குறிக்கும். அப்பெருஞ்சதுப்பு 1960களில் திருத்தப்பட்டு, அடித்தளம் உறுதியான பின்னரே அதன்மேல் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1987ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சிங்கப்பூரின் பெருவிரைவு ரயில் முதன்முதலாக ஓடியதும், இயோ சூ காங் முதல் தோ பாயோ வரையிலான ஐந்து நிலையங்களுக்கு இடையேதான்.

தொடக்கத்திலேயே தடுமாறும் கருவி ஒன்றின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. கணிப்பொறியின் விசையை அழுத்துகின்றோம். விசிறி சுழல்கின்றது; திரையில் ஓர் ஒளி தோன்றுகின்றது; பின்னர் ஒன்றும் நிகழ்வதில்லை. சுட்டி அசையாது; விசைப்பலகையோ நம் விரலுக்குச் செவி சாய்க்காது. ‘கணிப்பொறி உறைந்துவிட்டது’ என்கின்றோம். இக்குறையின் வரலாறு தமிழாசிரியர்க்கு எற்றுக்கு என வினவலாம். வினவுதற்குரியதே. அதன் விடையைப் பின்னர்க் கூறுவோம்.

பூட்டிய அறையுள் திறவுகோல்

கணிப்பொறி தானாக ஒன்றையும் அறியாது. நினைவகத்தில் உள்ள கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவதே அதன் தொழில். ஆனால், மின்சாரம் பாயும் அந்நொடியில் நினைவகத்தில் பயனுள்ள கட்டளை எதுவும் இல்லை. கட்டளைகள் வட்டில் உறங்குகின்றன. அவற்றை எழுப்பி நினைவகத்திற்குக் கொணரவும் ஒரு கட்டளை வேண்டும். அக்கட்டளையை யார் கொணர்வது? திறவுகோலை அறையினுள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிட்டு வெளியே நிற்பவனின் நிலை இது. காலணியின் வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்ள முயல்வதற்கு இதனை ஒப்பிட்டு, ஆங்கிலேயர் ‘பூட்ஸ்டிராப்’ என்றனர். ‘பூட்டிங்’ என்னும் வழக்கு இதிலிருந்து பிறந்ததே.

1946இல் அமெரிக்காவில் வெளியுலகிற்கு அறிமுகமான எனியாக் பொறிக்கு இப்புதிர் இல்லை. ஒவ்வொரு கணக்கிற்கும் மாந்தரே கம்பிகளை மாற்றி இணைத்தனர். புதிருக்கு நேரிய விடை கண்டது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம். அங்கு உருவான எட்சாக் என்னும் பொறி 1949ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் முதன்முதலாக இயங்கியது. டேவிட் வீலர் என்னும் இளைஞர் அதற்கென 31 கட்டளைகள் கொண்ட சிறு நிரலை வகுத்தார். தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட ஆளிகளில் அக்கட்டளைகள் நிலையாகப் பதிக்கப்பெற்றன. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் அவை நினைவகத்தில் அமர்ந்து, துளையிட்ட தாள்நாடாவிலிருந்து பெரிய நிரலைப் படித்துக் கொணர்ந்தன. சிறியது பெரியதை அழைக்கும். பெரியது அதனினும் பெரியதை அழைக்கும். இன்று நம் மேசைமீதுள்ள பொறியும் இவ்வழியிலேயே கண் விழிக்கின்றது.

எனினும் இவ்வசதி எல்லாப் பொறிக்கும் வாய்க்கவில்லை. 1975இல் விற்பனைக்கு வந்த ஆல்டேர் 8800 என்னும் சிறுபொறியை வாங்கியோர், முகப்பிலிருந்த ஆளிகளை மேலும் கீழும் தள்ளித் தொடக்கக் கட்டளைகளைக் கையாலேயே புகட்ட நேர்ந்தது. ஓர் ஆளி பிழையாயின் பொறி இயங்காது. அக்காலத்தில் பிழை எங்கே என்னும் வினாவுக்கு விடை தெளிவாக இருந்தது: நம் விரலில்.

1981ஆம் ஆண்டு

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம் தன் தனிமனிதக் கணிப்பொறியை வெளியிட்டது. அதே ஆண்டில் சிங்கப்பூரில் தேசியக் கணினிக் கழகம் நிறுவப்பட்டது. பின்னாளில் ஒலி அட்டைகளால் உலகப் புகழ் எய்திய கிரியேட்டிவ் நிறுவனத்தைச் சிம் வோங் ஹூ இங்குத் தொடங்கியதும் அவ்வாண்டே. மறு ஆண்டில் சீகேட் நிறுவனம் வட்டியக்கி உற்பத்திக்காக இத்தீவிற்கு வந்தது. உலகின் வட்டியக்கிகளில் பெரும்பகுதி சிங்கப்பூரில் உருவான காலமும் பின்னர் வந்தது.

ஐபிஎம் பொறி வகுத்த தொடக்க முறை ஐந்து படிகளைக் கொண்டது. முதலாவது, மின்னாற்றல் சீர்ப்படல். இரண்டாவது, அழியா நினைவகத்திலுள்ள ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரல் விழித்து, நினைவகம், விசைப்பலகை, திரை முதலியவற்றைச் சோதித்தல். குறையில்லையெனின் ஒரு சிற்றொலி எழும். மூன்றாவது, வட்டின் முதற்கூறாகிய 512 பைட் பகுதியைப் படித்தல். நான்காவது, அப்பகுதி இயக்க முறைமையை அழைக்க, அது ஒவ்வோர் உறுப்பையும் ஆளும் இயக்கி நிரல்களை ஏற்றுதல். ஐந்தாவது, பயனாளர் வேண்டிய துணை நிரல்கள் வந்து சேர்தல். பயாஸின் இடத்தை இன்று யூஇஎஃப்ஐ என்னும் புது முறை பெற்றுவிட்டது. ஆயினும் படிகளின் ஒழுங்கு பெரிதும் மாறவில்லை. எந்தப் படியில் பொறி நின்றது எனக் கண்டால் குறையின் இடம் பாதி புலனாகிவிடும்.

தொடக்கத்தைத் தாக்கியவை

இப்படிகள் ஒவ்வொன்றிற்கும் காலந்தோறும் இடர் நேர்ந்துள்ளது. 1986இல் லாகூர் நகரில் கணிப்பொறிக் கடை நடத்திய உடன்பிறந்தார் இருவர் எழுதிய ‘பிரெயின்’ என்னும் நச்சுநிரல், நெகிழ்வட்டின் முதற்கூற்றில் குடிபுகுந்தது. தனிமனிதக் கணிப்பொறிகளிடையே பரவிய முதல் நச்சுநிரல் இதுவே என்பர். வீட்டின் வாயிற்படியைப் பற்றிக்கொண்டால் வீடே வசப்படும் என்பதை அது காட்டிற்று.

1989இல் கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை வெளிவந்தது. அத்தகைய அட்டை ஒவ்வொன்றிற்கும் குறுக்கீட்டு எண் ஒன்று தேவைப்பட்டது. அவ்வெண்ணைச் சிறு செருகிகளை மாற்றிக் கையால் அமைத்தனர். இரண்டு அட்டைகளுக்கு ஒரே எண் அமைந்துவிட்டால் பொறி திகைத்து நிற்கும். இரண்டு அட்டைகளும் பழுதற்றவையே. ஓரிருக்கைக்கு இருவர் வந்ததே குறை. 1995இல் வந்த விண்டோஸ் 95 அவ்வெண்களைத் தானே பங்கிட முற்பட்டது.

1999ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், தைவான் மாணவர் ஒருவர் எழுதிய சிஐஎச் என்னும் நச்சுநிரல் ஆசிய நாடுகள் பலவற்றில் பெருங்கேடு விளைத்தது. வட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில பொறிகளில் பயாஸ் இருந்த சில்லையும் அது பாழாக்கியது. அத்தகைய பொறி உறைவதற்கும் வழியின்றிக் கருந்திரையோடு கிடந்தது. 2000ஆம் ஆண்டை அடுத்துப் பல தாய்ப்பலகைகளில் தரங்குறைந்த மின்தேக்கிகள் உப்பிப் பிளந்தன. மென்பொருளில் குறை தேடியவர்கள் பலகையைத் திறந்து பார்த்த பின்னரே உண்மை அறிந்தனர்.

தமிழின்மீது விழுந்த பழி

தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு எற்றுக்கு என்னும் வினாவுக்கு இனி வருவோம்.

விண்டோஸ் 2000 வெளிவரும்வரை அவ்வியக்க முறைமையில் தமிழுக்கு உள்ளிடம் இல்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் வளர்த்த முரசு, சிங்கப்பூரில் எழுத்தாளரும் விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் முதலியவை தமிழை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தன. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது, தமிழும் அவ்வரிசையில் நிற்க உழைத்தவர் கோவிந்தசாமி. 1997 மே மாதத்தில் தமிழ் இணைய மாநாடு இங்கு நடைபெற்றது. 1999 மே மாதத்தில் அவர் மறைந்தார்.

இவர்தம் உழைப்பால் தமிழ் கணிப்பொறியில் இடம் பெற்றது. ஆயினும் விருந்தினராகவே இடம் பெற்றது. தமிழ் விசைப்பலகை நிரல் தொடக்கத்தின் ஐந்தாம் படியில் வந்து சேர்ந்தது. வீட்டில் ஒரு பொருள் காணாமற்போனால் புதிதாய் வந்தவனை நோக்கும் உலகம், பொறி உறைந்தாலும் தமிழ் நிரலையே முதலில் நோக்கிற்று.

இதனை நான் பிறர் வாயிலாகக் கேட்டு எழுதவில்லை. 1998இல் தோ பாயோவில் என் வீட்டுக் கணிப்பொறி காலைதோறும் தொடக்கத்தில் உறையலாயிற்று. பழுது பார்க்க வந்தவர் திரையைச் சிறிது நேரம் நோக்கினார். “தமிழ் மென்பொருள்தான் காரணம்; நீக்கிவிடுங்கள்” என்றார். மறுத்துக் கேட்க எனக்கு அறிவு போதவில்லை. ஏதோ ஒரு நாணமும் தடுத்தது. நிரலையும் எழுத்துருக்களையும் என் கையாலேயே நீக்கினேன். ஓராண்டாக நான் எழுதி வைத்திருந்த பாடக்குறிப்புகள் பொருளற்ற குறிகளாகத் திரையில் நின்றன. மூன்றாம் நாள் காலை பொறி மீண்டும் உறைந்தது.

அண்டை வீட்டில் மின்னணுத் தொழிற்சாலையில் பணியாற்றிய அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் வந்தார்; எதனையும் பழிக்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினார், பெட்டியைத் திறந்தார், தேவைக்கு மிஞ்சிய அட்டைகளைக் கழற்றி வைத்தார். பொறி அப்போதும் உறைந்தது. இருந்த இரு நினைவகத் துண்டுகளில் ஒன்றை நீக்கினார், ஓடிற்று. நீக்கியதை அதே இடத்தில் செருகினார், உறைந்தது. “தம்பி, அழிப்பான் இருக்கிறதா?” என்றார். மாணவர் பென்சில் எழுத்தை அழிக்கும் அதே அழிப்பானால் அத்துண்டின் பித்தளை நிறப் பற்களை மெல்லத் துடைத்தார். கரி படிந்தாற்போல் ஒரு கறை அழிப்பானில் ஒட்டிக்கொண்டது. மீண்டும் செருகினார். அதன்பின் அப்பொறி நெடுநாள் தடையின்றி ஓடிற்று. நம் ஊரின் ஈரக்காற்றில் தொடுமுனைகள் கறைபடுவது இயல்பு. தமிழுக்கும் அக்குறைக்கும் தொடர்பே இல்லை.

தமிழ் நிரலை அன்று மாலையே திரும்ப நிறுவினேன். ஆயினும் சோதியாமல் பழியை ஏற்றுக்கொண்ட குற்றம் என்னுடையதே.

நாடும் முறை

மருத்துவன் செயற்பாலதை வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்துரைத்த ஒழுங்கு பொறிக்கும் பொருந்தும். நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்த பின்னரே மருந்தைத் தேட வேண்டும்.

ஒளியோ ஒலியோ இல்லையெனின் மின்னிணைப்பை நோக்குக. மீண்டும் மீண்டும் ஒலி எழுப்பித் திரை இருண்டிருப்பின் நினைவகத்தையும் திரை அட்டையையும் ஐயுறுக. நிறுவனச் சின்னத்தோடு நிற்பின், வெளியே செருகிய கருவிகள் யாவற்றையும் நீக்கிப் பார்க்க. இயக்க முறைமை தொடங்கிய பின் உறையின், இன்றியமையா இயக்கிகளை மட்டும் ஏற்றும் ‘பாதுகாப்பு முறை’யில் தொடங்குக. அம்முறையில் ஓடுமாயின், அண்மையில் சேர்த்த இயக்கியோ துணை நிரலோ காரணமாதல் கூடும். அப்போதும் உறையுமாயின் வட்டு, நினைவகம், அடிப்படைக் கோப்புகள் ஆகியவற்றை ஆய்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக. இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது மறைந்துபோம். வட்டிலிருந்து வழக்கமில்லாத ஒலி கேட்பின் திரும்பத் திரும்பத் தொடங்க முயலாது, உள்ளிருப்பதைப் படியெடுப்பதையே முதற்கடனாகக் கொள்க.

2024ஆம் ஆண்டின் பாடம்

இவை பழங்கதைகள் எனக் கருதற்க. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள் சிங்கப்பூர் நேரம் பிற்பகல் 12.09 மணிக்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் சிறு கோப்பொன்றை உலகெங்கும் அனுப்பிற்று. பெற்றுக்கொண்ட நிரல் 21 உள்ளீடுகளை எதிர்நோக்கிற்று. அதற்குக் கிடைத்தவையோ 20. இல்லாத இடத்தைப் படிக்க முயன்று பொறிகள் நிலைகுலைந்தன. அந்நிரல் தொடக்கத்திலேயே ஏறுவதாதலின், மீண்டும் தொடங்கியவை மீண்டும் வீழ்ந்தன. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் பொறிகள் பாதிக்கப்பட்டன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையாலேயே பதிவு செய்தன.

தீர்வு யாது? பல இடங்களில் ஒருவர் ஒவ்வொரு பொறியின் முன்னும் அமர்ந்து, பாதுகாப்பு முறையில் தொடங்கி, அவ்வொரு கோப்பை நீக்கினார். தோ பாயோவில் அண்ணன் ஒருவர் செய்து காட்டிய முறையும் இதுவே: மிகையானதை விலக்குக, குறையைத் தனிமைப்படுத்துக, பின்னர்த் தீர்ப்புக் கூறுக.

வகுப்பிலும் தொடக்கத்தில் உறைந்து நிற்கும் மாணவர் உளர். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் முதற்சொல்லிலேயே நின்றுவிடுவர். “வீட்டில் தமிழ் இல்லை, அதுதான் காரணம்” என்று ஒரு நொடியில் தீர்ப்புக் கூறுகின்றோம். கண்பார்வை குறைவோ, எழுத்து மயக்கமோ, முன்னொரு நாள் நேர்ந்த நகைப்போ, ஒவ்வொன்றாக நாடிப் பார்த்தோமா? பொறியை நாடும் பொறுமையைக் குழந்தையிடமும் காட்டுவோமாக.