ஒரு மலை, மூணு வேலி

பூப் பார்க்கப் போன இடத்துல சரித்திரம் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க மக்களே.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் சான் வான் மலைத்தொடர் இருக்கிறது. அதன் நடுவே யூரே என்று ஒரு குட்டி ஊர். ஊரைச் சுற்றி அன்கம்பாக்ரே தேசிய வனம். ஊரிலிருந்து இமோஜீன் கணவாய்க்கு ஒரு கரடுமுரடான பாதை ஏறுகிறது. கணவாயின் உயரம் 13,114 அடி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பனி மூடிக் கிடக்கும். ஜூலை கடைசியில் பனி உருகினதும், கிடைத்த கொஞ்ச நாளில் எல்லாச் செடியும் அவசர அவசரமாகப் பூத்துத் தள்ளும்.

அந்த ஜூலைக் கடைசியில்தான் நானும் தங்கமணியும் ரெண்டு பேர் உட்கார்ற ஏ.டி.வி. ஒண்ணு வாடகைக்கு எடுத்துக்கிட்டுக் கிளம்பினோம். ஏ.டி.வி.ன்னா நாலு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், கல்லு மேடுன்னு பார்க்காம ஏறி இறங்குற வண்டி. கீழே நிழல் இருக்கிற இடத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கொலம்பைன். 1820ல் எட்வின் ஜேம்ஸ் என்ற தாவரவியல்காரர் இதைக் கொலராடோவில் பார்த்து உலகத்துக்குச் சொன்னார். 1899ல் மாநில மலர் ஆனது. ஆளாளுக்குப் பிடுங்கிக்கொண்டு போக ஆரம்பித்ததும், 1925ல் இதைக் காப்பாற்ற ஒரு சட்டமே போட்டார்கள். ஈரமான இடங்களில் ‘யானைத்தலை’ என்று ஒரு பூ. ஒரு தண்டில் வரிசையாகச் சின்னச் சின்ன ரோஸ் நிறப் பூக்கள். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு காது, தூக்கின தும்பிக்கை. சத்தியமா சொல்றேன், தண்டு முழுக்கக் குட்டிப் பிள்ளையார்! தங்கமணி கன்னத்துல போட்டுக்காத குறைதான்.

மேலே போகப் போக மரம் இல்லை. ஆல்பைன் டுன்ட்ரா, அதாவது மரம் வளர முடியாத உயரத்தில் இருக்கும் குட்டைச் செடிகளின் தரை. அங்கே எதிரே ஒரு ஜீப் ஏறி வந்தது. நாங்க அப்போ ஒரு சின்ன இறக்கத்தில் இருந்தோம். ஏறி வர்ற வண்டிக்குத்தான் வழி விடணும். பின்னால் போய் ஒதுங்கியிருக்கலாம். சோம்பேறித்தனம். முன் சக்கரத்தை ஓரமா இறக்கினேன். ஜீப் போச்சு, கையசைச்சாங்க, நானும் அசைச்சேன். வண்டியைத் திருப்பும்போதுதான் தங்கமணி, “என்னங்க, கீழ பாருங்க”ன்னாங்க. மெத்தை மாதிரி பச்சைத் திட்டு, அதன் மேல் ரோஸ் நிறத்தில் பொடிப்பொடியாகப் பூ. நடுவுல என் டயர் தடம். அஞ்சு அடி தள்ளி, ‘பாதையை விட்டு இறங்காதீர்கள்’ என்று ஒரு போர்டு.

“இவ்ளோ பெரிய மலைல ஒரு டயர் தடம் ஒரு விஷயமா? எதுக்கெடுத்தாலும் வேலி போட்டுடறாங்க”ன்னு சமாளிச்சேன். வீட்டுக்கு வந்ததும் சும்மா இருக்க முடியலை. அந்த மலையைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். வேலி போடறது அந்த மலைக்குப் புதுசே இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சது.

முதல் வேலி:

அந்த மலை யூட் பழங்குடி மக்களுடையது. 1868ல் அமெரிக்க அரசே ஒப்பந்தம் போட்டு, கொலராடோவின் மேற்குப் பகுதியை அவர்களுக்கு ஒதுக்கியது. அடுத்த சில வருஷத்திலேயே சான் வான் மலையில் தங்கமும் வெள்ளியும் தேடி ஆட்கள் நுழைந்துவிட்டார்கள். நுழைந்தவர்களை வெளியேற்றவில்லை, ஒப்பந்தத்தை மாற்றினார்கள். 1873ல் போட்ட ப்ருனோ ஒப்பந்தப்படி சுமார் 37 லட்சம் ஏக்கர் மலைநிலம் யூட் மக்களின் கையை விட்டுப் போனது. அந்தப் பேச்சுவார்த்தையில் அவர்கள் பக்கம் நின்ற தலைவர் யூரே. ஊருக்குப் பேர் வந்தது அவரால்தான். அவர் 1880ல் இறந்தார். 1881ல் அவருடைய மக்களையே ராணுவத்தை வைத்து யூட்டாவுக்குத் துரத்தினார்கள். அவர் மனைவி சிபெட்டாவும் போக வேண்டியதாயிற்று. பேரை மட்டும் ஊருக்கு வச்சுக்கிட்டு, பேருக்குச் சொந்தக்காரங்களை வெளியே அனுப்பிட்டாங்க.

ரெண்டாவது வேலி:

நாங்க வண்டி ஓட்டின பாதை பூப் பார்க்கப் போட்டதில்லை. சுரங்கத்துக்காகப் போட்டது. கோவேறு கழுதைகள் தாது மூட்டையைச் சுமந்துகொண்டு இறங்கிய வழி. 1893ல் வெள்ளி விலை விழுந்து, பல சுரங்கங்கள் மூடிக் கிடந்தன. தாமஸ் வால்ஷ் என்ற அயர்லாந்துக்காரர் 1896ல் இமோஜீன் பள்ளத்தாக்கின் பழைய வெள்ளிச் சுரங்கங்களைக் கிளறிப் பார்த்து, மத்தவங்க கோட்டை விட்ட தங்கத்தைக் கண்டுபிடிச்சார். அதுதான் கேம்ப் பேர்ட் சுரங்கம். 1902ல் 52 லட்சம் டாலருக்கு விற்றார். அவர் மகள் எவலின் பிற்பாடு வாங்கியதுதான் ஹோப் வைரம். நம்ம நாட்டு கோல்கொண்டா வட்டாரத்தில், கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த வைரம்! பூமியைத் தோண்டின காசு எங்கே சுத்தி எங்கே வருது பாருங்க.

கணவாய்க்கு அந்தப் பக்கம் டெலுரைட். அங்கேயும் தங்கச் சுரங்கங்கள், தாது அரைக்கும் ஆலைகள். 1903 செப்டம்பரில் ஆலைத் தொழிலாளர்கள் 8 மணி நேர வேலை கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். கவர்னர் ஜேம்ஸ் பீபாடி படையை அனுப்பினார். 1904 ஜனவரியில் ராணுவச் சட்டம். சங்கத்துக்காரர்களை ரயிலில் ஏற்றி ஊரை விட்டே கடத்தினார்கள். அவர்கள் மலை வழியாகத் திரும்பி வந்துவிட்டால்? அதற்காக அந்தக் குளிர்காலத்திலேயே இமோஜீன் கணவாய்க்கு மேலே ஒரு காவல் கோட்டை கட்டினார்கள். பேர், ஃபோர்ட் பீபாடி. உள்ளூர்ப் படைக்குத் தலைவரான பல்க்லி வெல்ஸ் ஒரு பெரிய சுரங்கத்தின் மேனேஜர். முதலாளி தரப்பு ஆள் கையிலேயே அரசாங்கத் துப்பாக்கி!

வேடிக்கை என்னன்னா, அந்த வருஷக் கடைசியிலேயே முதலாளிகள் 8 மணி நேரத்துக்கு ஒத்துக்கிட்டாங்க. கேட்டவங்க ஊர்ல இல்லை. கோட்டையின் மிச்சம் இன்னும் அங்கே நிற்கிறது. கல்லும் மரமும்தான். அதைப் பார்த்துத்தான் நான் “சூப்பர் வியூ பாயிண்ட்”னு போட்டோ எடுத்துக்கிட்டேன். என்னத்தைச் சொல்ல.

மூணாவது வேலி:

1905ல் தியோடர் ரூஸ்வெல்ட் காலத்தில் இது தேசிய வனம் ஆனது. வனத்துக்குள் வண்டி விடுவது பல காலம் பெரிய பிரச்சினையா இல்லை. சுரங்கக்காரர்களின் பழைய பாதையில் சில ஜீப்புகள் போகும், அவ்வளவுதான். பனிக்காலத்தில் அமெரிக்காவில் பைக் விற்கவில்லை என்று ஹோண்டா கம்பெனி யோசித்து, 1970ல் மூணு குண்டு டயர் வைத்த ஒரு வண்டியை இறக்கியது. காத்துக் கம்மியான பலூன் டயர். மணல், சேறு, பனி எல்லாத்திலும் மிதக்கும். 1982ல் சுசுகி நாலு சக்கரத்தில் கொண்டுவந்தது. மூணு சக்கர வண்டி கவிழ்ந்து கவிழ்ந்து ஆட்கள் செத்ததால் 1988ல் அதன் விற்பனை நின்றது. நாலு சக்கரம் ஜெயித்தது. பாதையே தேவைப்படாத வண்டி வந்த பிறகு, எல்லா இடமும் பாதை ஆக ஆரம்பித்தது.

1972ல் நிக்சன் ஒரு உத்தரவு போட்டார். வண்டி எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று அரசு நிலங்களில் பிரிக்கச் சொன்னது அந்த உத்தரவு. 2005ல் வனத்துறை கொண்டுவந்த விதி கணக்கையே தலைகீழாக்கியது. அதுவரை பல வனங்களில் ‘தடை என்று போடாத இடமெல்லாம் போகலாம்’. அதற்கப்புறம் ‘மேப்பில் போட்டிருக்கும் பாதையில் மட்டும் போகலாம்’.

இவ்வளவு கெடுபிடி எதுக்கு? பியாட்ரிஸ் வில்லார்ட் என்ற அம்மாவின் வேலையைப் படித்தபோது பதில் கிடைத்தது. அதே கொலராடோவின் ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில், டூரிஸ்ட் கால் பட்டு அழிந்த டுன்ட்ராவில் 1959ல் சின்னச் சின்ன இடங்களை வேலி கட்டி அடைத்தார். திரும்ப வளர எத்தனை வருஷம் ஆகுதுன்னு பல பத்தாண்டுகள் விடாம கவனிச்சார். முழுசா குணமாக நூற்றாண்டுக் கணக்கில் ஆகும் என்பது அவர் முடிவு. அதுவும் வெறும் செருப்புக் காலுக்கு! நான் ஏத்தினது டயர்.

அந்த ரோஸ் மெத்தைக்கு மாஸ் கேம்பியன் என்று பேர். முதல் பூ பூக்கவே சுமார் 10 வருஷம் எடுத்துக்கும். உள்ளங்கை அளவுத் திட்டுக்கே பல வருஷ வயசு இருக்கும். நான் நசுக்கினது சாப்பாட்டுத் தட்டு அளவு.

முதல் வேலி நிலத்துக்குச் சொந்தக்காரனை வெளியே வைக்கப் போட்டது. ரெண்டாவது, உழைச்சவனை வெளியே வைக்க. ரெண்டுமே தங்கத்துக்காக. மூணாவது வேலி யாரையும் வெளியே வைக்கலை. வா, பாரு, டயரை மட்டும் பாதையிலயே வைன்னு சொல்லுது. இத்தனைக்கும் நான் முணுமுணுத்தது அந்த மூணாவதைப் பார்த்துத்தான். முதல் ரெண்டு வேலி இருந்ததே எனக்குத் தெரியாது, அது மேலேயே வண்டி ஓட்டிக்கிட்டுப் போயிருக்கேன்.

கணவாயிலிருந்து வந்த வழியே இறங்கும்போது அந்த இடத்துல வண்டியை மெதுவாக்கினேன். தடம் அப்படியே இருந்தது. தங்கமணி ஒண்ணும் சொல்லலை. அதுதான் இன்னும் உறுத்துது.

டிஸ்கி: போறவங்க வனத்துறை மேப் ஒண்ணு கையில வச்சுக்குங்க. எதிர்ல வண்டி ஏறி வந்தா பாதையிலேயே பின்னாடி போய் ஒதுங்குங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும். பிள்ளையார் பூவைப் பார்த்தா என் சார்பா ஒரு கும்பிடு :-)