1956: மாநிலத் தகுதியை இழந்த தில்லி

1956 நவம்பர் 1 என்றதும் மொழிவழி மாநிலங்களின் பிறப்பே நினைவுக்கு வரும். அன்றுதான் கேரளமும் ஆந்திரப் பிரதேசமும் உருவாயின, மைசூர் விரிவடைந்தது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. அதே நாளில், 48 உறுப்பினர்களைக் கொண்ட ஒரு சட்டமன்றம் இல்லாமற்போனதை நம் வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. அது தில்லியின் சட்டமன்றம். நாட்டின் வரைபடத்தைத் திருத்தி எழுதிய தலைநகரம் அதே சட்டத்தால் தன் மாநிலத் தகுதியை இழந்தது. இந்நிகழ்வு தில்லியின் உள்ளூர் வரலாறு மட்டுமன்று. இந்தியக் கூட்டாட்சியில் மாநிலம் என்பதன் பொருளையே விளக்கும் சான்று.

1857 கிளர்ச்சிக்குப் பின் தில்லி பஞ்சாப் நிர்வாகத்தின் கீழ் ஒரு மாவட்டமாகச் சுருங்கியிருந்தது. 1911 டிசம்பர் 12 அன்று நடந்த தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றப்படும் என ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். 1912 அக்டோபர் 1 முதல் தில்லி தலைமை ஆணையர் மாகாணமாயிற்று. 1915இல் யமுனைக்குக் கிழக்கே ஐக்கிய மாகாணத்திலிருந்த 65 சிற்றூர்கள் இதனுடன் சேர்க்கப்பட்டன. மொழியும் உறவும் உழவும் ஒன்றாயிருந்த ஒரு நிலப்பரப்பின் நடுவே, பேரரசின் வசதிக்காக எல்லைக்கோடு வரையப்பட்டது. தன்னைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்திலிருந்து துண்டிக்கப்பட்ட நகரமாகவே தில்லி குடியரசுக்குள் நுழைந்தது.

அதற்கு என்ன தகுதி தருவது என்பதில் அரசியல் நிர்ணய சபையிலேயே ஒருமித்த கருத்தில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் வேண்டும் என்றது பட்டாபி சீதாராமய்யா தலைமையிலான குழு. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழுவோ, கூட்டாட்சியின் தலைநகரம் ஓர் உள்ளாட்சியின் கட்டுப்பாட்டில் இருப்பது பொருந்தாது எனக் கருதியது. இறுதியில் தில்லி ‘சி’ பிரிவு மாநிலமாயிற்று. 1951ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குச் சட்டமன்றம் தந்தது. ஆயினும் பொது ஒழுங்கு, காவல்துறை, நகராட்சி அமைப்புகள் முதலியவற்றில் சட்டமியற்றும் உரிமையை மறுத்தது. 1952இல் முதல்வரான சவுத்ரி பிரம்ம பிரகாஷ், தலைமை ஆணையரோடு ஓயாது மோத நேர்ந்தது. 1955 பிப்ரவரியில் பதவி விலகினார். அடுத்து வந்த குருமுக் நிஹால் சிங், இந்திய அரசமைப்பு வளர்ச்சி பற்றி நூலெழுதிய பேராசிரியர். தில்லி மாநிலம் மறைந்த அதே நாளில் அவர் இராஜஸ்தானின் ஆளுநராகப் பதவியேற்றார்.

பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகியோரடங்கிய மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை அளித்தது. தலைநகரின் நிர்வாகம் ஒன்றிய அரசிடமே இருக்க வேண்டும், உள்ளூர்த் தேவைகளுக்கு மாநகராட்சி போதும் என்பது அதன் முடிவு.

இம்முடிவு பெரிய எதிர்ப்பின்றி நிறைவேறியது ஏன்? இதே காலத்துப் பம்பாயோடு ஒப்பிட்டால் விடை புலப்படும். 1956 ஜனவரியில் பம்பாய் நகரையும் ஒன்றிய ஆட்சிப் பகுதியாக்கும் முடிவை நேரு அறிவித்தார். மகாராட்டிரம் கொந்தளித்தது. ஐக்கிய மகாராட்டிர இயக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின, நிதியமைச்சர் சி. து. தேஷ்முக் பதவி துறந்தார். அம்முடிவு கைவிடப்பட்டு, 1960இல் பம்பாய் மகாராட்டிரத்தின் தலைநகராயிற்று. ஆந்திரப் பிரிவினையின்போது சென்னை நகரைக் காக்க ம.பொ.சி. முன்னின்று நடத்திய இயக்கத்தையும் இங்கே நினைவுகூரலாம். இரு நகரங்களுக்கும் உரிமை கோர ஒரு மொழிச் சமூகம் இருந்தது. தில்லிக்கு அது இல்லை. 1941இல் 9 இலட்சமாயிருந்த அதன் மக்கள்தொகை 1951இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் பிரிவினை அகதிகள். உருது பேசிய பழைய நகரத்தார், பஞ்சாபிலிருந்து வந்தோர், பல மாநிலங்களிலிருந்து வந்த அரசு ஊழியர், சுற்றுப்புற உழவர் ஆகியோரிடையே ‘எங்கள் மாநிலம்’ என்னும் பொதுக்குரல் உருவாகியிருக்கவில்லை.

சட்டத்தின் காப்பும் இல்லை. அரசமைப்பின் 3ஆம் உறுப்பின்படி ஒரு மாநிலத்தைப் பிரிக்கவோ எல்லையை மாற்றவோ அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், இசைவு தேவையில்லை. அமெரிக்காவில் இத்தகைய மாற்றத்துக்கு அந்தந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம். 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்த பின்னும் தெலங்கானா உருவானது. 2019இல் ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பகுதிகளாக்கப்பட்டபோது அதன் சட்டமன்றமே கலைக்கப்பட்டிருந்தது. ஆகவே இந்தியாவில் ஒரு மாநிலத்தின் இருப்புக்கு உறுதியான காப்பு சட்டத்தின் எழுத்தில் இல்லை; அதை உரிமையோடு கோரும் மக்களிடம்தான் இருக்கிறது.

தில்லியில் அந்தக் கோரிக்கை தாமதமாகவே வலுப்பெற்றது. 1958இல் மாநகராட்சியும், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஆலோசனை கூறும் அதிகாரம் மட்டுமே கொண்ட பெருநகர மன்றமும் அமைந்தன. 1991இன் 69ஆம் திருத்தம் 239ஏஏ உறுப்பைச் சேர்த்து 70 உறுப்பினர் சட்டமன்றத்தைத் தந்தது. பொது ஒழுங்கும் காவலும் நிலமும் மீண்டும் விலக்கப்பட்டன. முழு மாநிலத் தகுதிக்காக 2003இல் கொண்டுவரப்பட்ட மசோதா காலாவதியானது. 2023 மே 11 அன்று, அரசுப் பணியாளர் மீதான அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்கே உரியது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; எட்டே நாளில் ஓர் அவசரச் சட்டம் அதை மாற்றியது. 1952இல் பிரம்ம பிரகாஷ் எதிர்கொண்ட சிக்கல் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் தீரவில்லை.

தலைநகரின் பாதுகாப்பு என்னும் வாதம் பொருளற்றதன்று. ஆனால் நாடாளுமன்றமும் தூதரகங்களும் அமைந்த புதுதில்லி நகராட்சி மன்றப் பகுதி ஏறத்தாழ 43 சதுர கிலோமீட்டர் மட்டுமே. தில்லியின் மொத்தப் பரப்போ 1,483 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதன் மக்கள்தொகை 1.67 கோடி. சிறு பரப்பின் தேவைக்காகப் பெரும்பரப்பின் வாக்குரிமை எவ்வளவு குறைக்கப்படலாம்? 1956இல் கேட்கப்படாத இக்கேள்வியை, எல்லா மாநிலங்களின் குடிமக்களும் தமக்கானதாகக் கேட்க வேண்டியுள்ளது.