பேட்டையும் கடல் கடந்த சங்கமும்

கணிப்பொறித் தொழில் தொடங்க அயல்நாடு செல்லும் நம் இளைஞர், ‘ஆங்கு நமக்கு யார் துணை?’ என்று வினவுகின்றனர். கோவில்பட்டிக் கரிசற் சீமைக்கு முதன்முதல் வந்த நம் நாடார் வணிகர்க்கும் இவ்வினா இருந்தது.

1801-இல் பாளையப் போர் முடிந்து வழிகள் ஒருவாறு அச்சம் நீங்கிய பின்னர், தெற்கே பனங்காட்டினின்றும் கருப்புக்கட்டியும் உப்பும் கருவாடும் மாட்டுவண்டியிலேற்றி அவர்கள் வடக்கே புறப்பட்டனர். மழையொன்றையே நம்பிய பருத்தி நிலம், உற்றாரில்லை, இரவிற் சரக்கிறக்க இடமுமில்லை. ஆதலின் ஆங்காங்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். வண்டியை அவிழ்த்த வணிகன் சரக்கின் அளவுக்கேற்ப மகமை செலுத்துவான். அப்பொதுப்பணம் கிணறாயிற்று, கோயிலாயிற்று. 1889-இல் விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையும் ஆயிற்று. ஆயினும் பணத்தினும் பெரியது பேட்டையில் நிகழ்ந்த பேச்சே என்பது எமது துணிபு. எவ்வூரிற் சரக்கு விலைபோகும், எவரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்னும் செய்திகளைப் புதியவன் வேறெங்குப் பெறுவான்?

நிற்க. 1992-இல் அமெரிக்க நாட்டுச் சிலிக்கான் பள்ளத்தாக்கில் ‘டை’ என்னும் தொழில்முனைவோர் சங்கம் தோன்றிற்று. இந்திய அரசாங்க அதிகாரி ஒருவரின் விமானம் தாமதிக்க, அவர்க்காகக் காத்திருந்தோர் தம்முட் பேசியதே அதன் வித்தென்பர். சுஹாஸ் பாட்டீல், கன்வல் ரேக்கி முதலிய மூத்தோர் தம் அனுபவத்தை இளையோர்க்கு ஈந்தனர். அச்சங்கம் ஒரு சாதிக்கோ ஒரு மொழிக்கோ உரியதன்று. நம் பேட்டையோ, ஒளியாது கூறின், உறவின்முறையார்க்கே உரியதாயிருந்தது. டை சங்கத்திற்குச் சென்னையிலும் கிளை எழுந்தது, லாகூரிலும் எழுந்தது.